பிகினித் தீவில் தென்னை பச்சையாக நிற்கிறது, காய் ஏன் சாப்பிட ஆகாது? நம் மலை மண்ணில் இதைச் செய்து காட்ட முடியுமா?

கட்டபெட்டு டீச்சர் எழுதியது:

வணக்கம். மேல்நிலை முதலாம் ஆண்டு தாவரவியலில் கனிம ஊட்டம் பாடத்தை ஒட்டி ஒரு செயல்திட்டம் யோசித்து வருகிறோம். எடுத்துக்கொண்ட பொருள் மார்ஷல் தீவுகள். பிகினி, எனிவெட்டாக், ரோங்கெலாப் மூன்றும் கிட்டத்தட்ட ஊட்டியின் அட்சரேகையிலேயே, 11 டிகிரி வடக்கைத் தாண்டினாற்போல் கிடக்கின்றன. 1946-க்கும் 1958-க்கும் இடையில் பிகினியில் 23, எனிவெட்டாக்கில் 43 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. இப்போதைய படங்களில் தென்னை வரிசைகள் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன. ஆனால் அந்தக் காயை நம்பி அங்கே குடியிருக்க முடியாது என்கிறார்கள்.

சந்தேகம் மூன்று. மரம் நன்றாக இருக்கும்போது காய் மட்டும் எப்படிக் கெடுகிறது? அந்தத் தீவுச் செடிகள் கதிர்வீச்சாலேயே பாதிக்கப்பட்டனவா, இல்லை வெடிப்பின் சூடும் காற்றும்தான் காரணமா? வெடிப்பில் கிளம்பிய இதே கதிரியக்கத் துகள் நீலகிரி மாதிரி மலையில் விழுந்திருந்தால் மண் எப்படி நடந்துகொள்ளும்? கதிரியக்கப் பொருள் எதையும் தொடாமல் பள்ளியில் செய்து காட்டக்கூடிய சோதனை இருந்தால் அளவோடு சொல்லுங்கள்.


குன்னூர் மண்ணியல் எழுதியது:

டீச்சர், முதல் கேள்விக்கு விடை முழுக்க மண்ணில் இருக்கிறது. பவளத் தீவின் மண் என்பது உடைந்த பவளமும் சிப்பியும்தான், அதாவது கால்சியம் கார்பனேட். களிமண் தாது ஏறக்குறைய இல்லை. பி.எச். 8-ஐ ஒட்டியோ சற்று மேலேயோ இருக்கும். மேலே கறுத்த மட்கு அடுக்கு, கீழே வெள்ளை மணல். கால்சியம் கொட்டிக் கிடக்கிறது, பொட்டாசியமோ மிகக் குறைவு.

அணு வெடிப்புத் துகளில் நீண்ட நாள் தங்கும் பொருள்களில் செடிக்கு முக்கியமானவை இரண்டு: ஸ்ட்ரான்ஷியம்-90 (அரை ஆயுள், அதாவது சிதைந்து பாதியாக ஆகும் காலம், சுமார் 29 ஆண்டு), சீசியம்-137 (சுமார் 30 ஆண்டு). ஸ்ட்ரான்ஷியம் கால்சியத்தின் வழியில் போகும். மண் முழுக்கக் கால்சியமாக இருப்பதால் வேருக்குள் நுழையும் போட்டியில் ஸ்ட்ரான்ஷியம் தோற்றுப்போகிறது. சீசியம் பொட்டாசியத்தின் வழியில் போகும். பொட்டாசியம் கிடைக்காமல் ஏங்கும் வேர், அதே வாசலில் வந்து நிற்கும் சீசியத்தை வாரி எடுத்துக்கொள்கிறது. மற்ற நாட்டு மண்ணில் சீசியத்தைப் பிடித்துப் பூட்டி வைக்கும் இல்லைட் போன்ற களிமண் தாது இங்கே இல்லை. ஆகவே ஆண்டுக்கணக்கில் அது வேருக்கு எட்டும் நிலையிலேயே இருக்கிறது. சாதாரண வயல் மண்ணில் செடியில் உள்ள சீசியம் மண்ணில் உள்ளதில் சிறு பின்னமாக இருக்கும் (உலர் எடைக்கு உலர் எடை). பிகினித் தென்னையில் இந்த விகிதம் ஒன்றைத் தாண்டுகிறது.

உள்ளே போன சீசியம் பொட்டாசியம் போகும் இடத்துக்கெல்லாம் போகும்: குருத்து, இளநீர், பருப்பு. இளநீர் பொட்டாசியம் நிறைந்தது என்பது நமக்குத் தெரிந்ததே, அதனால்தான் அது சீசியத்துக்கும் பாத்திரமாகிறது. மரத்துக்கு இதனால் ஒரு குறையும் தெரியாது. காயில் இருக்கும் சீசியத்தின் எடை கிராமில் கோடியில் ஒரு பங்குக்கும் வெகு கீழே. ஊட்டக் குறையோ நச்சோ உண்டாக்க அது போதாது. மனிதர் நாள்தோறும் சாப்பிட்டால்தான் உடலில் சேர்ந்து கணக்காகிறது. 1960-களின் இறுதியில் பிகினி பாதுகாப்பானது என்று அறிவித்து, தென்னை நட்டு, குடும்பங்களும் திரும்பின. காய்ப்புக்கு வந்ததும் அவர்கள் உடலில் சீசியம் ஏறியது. 1978-ல் மறுபடி வெளியேற்றினார்கள். நின்ற மரத்தின் பச்சையை நம்பி எடுத்த முடிவு மக்களை இரண்டாம் முறை ஊரை விட்டுக் கிளப்பியது. உங்கள் மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காயில் சீசியத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று மேல்மண்ணை 40 செ.மீ. அளவுக்குச் சுரண்டி எடுப்பது. சீசியம் போய்விடும், கூடவே மட்கும் போய்விடும். அந்தத் தீவில் ஈரத்தையும் ஊட்டத்தையும் பிடித்து வைத்திருப்பது அந்த மட்கு ஒன்றுதான். அது போனபின் மிஞ்சுவது எதுவும் விளையாத வெள்ளை மணல். இன்னொன்று, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தார் பிகினியிலேயே பல ஆண்டு செய்து பார்த்த பொட்டாஷ் முறை. ஹெக்டேருக்கு 1000 கிலோவும் அதற்கு மேலும் பொட்டாசியம் என்ற கணக்கில் பொட்டாசியம் குளோரைடைத் தூவியதில், தேங்காயில் சீசியம் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. நம் கணக்கில் சொன்னால்: மூரியேட் ஆஃப் பொட்டாஷில் (உரக்கடைப் பொட்டாசியம் குளோரைடு) பாதிதான் பொட்டாசியம், ஆக ஹெக்டேருக்கு 2000 கிலோ, சதுர மீட்டருக்கு 200 கிராம். 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தென்னைக்கு மரத்துக்குச் சுமார் 11 கிலோ. தமிழ்நாட்டில் காய்க்கும் தென்னைக்குப் பரிந்துரை ஆண்டுக்கு 2 கிலோ. ஐந்தாறு ஆண்டுப் பங்கை ஒன்றாகக் கொட்டியது போல. ஒருமுறை மரத்துக்குள் போன பொட்டாசியம் மட்டை, ஓலை விழுந்து மட்கி மறுபடி வேருக்கே திரும்புவதால் பலன் பல ஆண்டு நிற்கிறது.

பொட்டாஷ் போட்டால் சீசியம் மண்ணை விட்டுப் போவதில்லை, வேருக்குள் போவது மட்டும் தடைபடுகிறது. மண்ணிலிருந்து அதை மெல்ல வெளியேற்றுவது மழை. கரையும் பகுதி நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. கதிரியக்கச் சிதைவும் மழையும் சேர்ந்து, அங்குள்ள செடிகளில் சீசியம் பாதியாகச் சுமார் எட்டரை ஆண்டு போதும் என்று அளந்திருக்கிறார்கள். வெறும் சிதைவை நம்பினால் 30 ஆண்டு. சர்வதேச அணுசக்தி முகமை 1998-ல் வெளியிட்ட பிகினி அறிக்கையும் விளைநிலத்துக்குப் பொட்டாஷ், வீடு கட்டும் இடத்தில் மட்டும் மண்ணை மாற்றுவது என்றுதான் பரிந்துரைத்தது.


சோலைமரம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில் அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது.

வெடித்த இடத்தை ஒட்டிய தீவுகளில் செடியை அழித்தது சூடு, அதிர்வலை, உப்பு நீர் அலை. அதோடு சோதனைக்காக புல்டோசர் விட்டுத் தள்ளியதும் உண்டு. ஆனால் வேரும் விதையும் மிஞ்சிய இடங்களில் சில மாதங்களிலேயே தளிர் வந்திருக்கிறது. கடலோரச் செடிகளான ஸ்கேவோலா, டூர்னிஃபோர்ஷியா, அடப்பங்கொடி, பருப்புக்கீரை இனங்கள்தான் முன்னோடி. புயல் தாக்கிய தீவிலும் இவைதான் முதலில் முளைக்கும்.

தூரத்தில் துகள் மட்டும் விழுந்த தீவுகள்தான் உண்மையான சோதனைக்களம். 1954 மார்ச் 1 பிகினியில் நடந்த பிராவோ என்ற சோதனை வெடிப்பு 15 மெகாடன், எதிர்பார்த்ததைப்போல் இரண்டரை மடங்கு. நொறுங்கிய பவளம் மேலே போய்ச் சுண்ணாம்புத் துகளாக ரோங்கெலாப்பில் வெள்ளையாகப் படிந்தது. மக்கள் வெளியேற்றப்படும் முன் சுமார் இரண்டு நாளில் அவர்கள் பெற்ற காமா அளவு 1.75 கிரே (உடல் ஏற்ற கதிர்வீச்சின் அலகு) என்று அப்போது கணக்கிட்டார்கள். அதே பவளத் தீவு வளையத்தின் ஆளில்லாத வட தீவுகளில் அது பல மடங்கு. ஒப்பிட ஒரு அளவு: செர்னோபிலில் ஊசியிலைக் காட்டை முழுக்கக் கொன்றது 60 கிரேவுக்கு மேல். குரோமோசோம் பெரிதாக உள்ள பைன் போன்றவை முதலில் சாகும், சிறிய குரோமோசோம் உள்ள அகன்ற இலைச் செடிகளும் புல்லும் தாங்கும், பாசியும் லைக்கனும் இன்னும் தாங்கும். ஆகவே ரோங்கெலாப் அளவில் மரங்கள் கும்பலாகச் சாகும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

ஆனால் காமா மட்டும் கணக்கில்லை. இலை மேலேயே ஒட்டிய துகள் விடும் பீட்டா கதிர், தொட்ட திசுவுக்குக் காமாவைவிட அதிகம் கொடுக்கும். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் பீட்டா, நீர் நிறைந்த திசுவில் சுமார் 1 செ.மீ. தூரம்தான் போகும். தென்னையின் குருத்து பல அடுக்கு மட்டைக்குள் ஆழத்தில் இருப்பதால் பீட்டா அதை எட்டாது. திறந்த மொட்டோடு நிற்கும் குறுஞ்செடிக்கு அந்தக் காப்பு இல்லை. தாழையில் இலைக் கக்கத்தில் துகள் தேங்கும். ஆக ஒரே தீவில் தென்னை நலமாகவும் பக்கத்துப் புதர் வாடியும் இருக்க இயற்பியல் காரணம் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், தாவரவியலாளர் ஃபாஸ்பெர்க் வட மார்ஷல் தீவுகளில் நோய்வாய்ப்பட்ட செடிகளைப் பார்த்து 1959-ல் எழுதியபோது, நீண்டகாலக் கதிர்வீச்சு விளைவா என்று தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டார். அது நேர்மையான கேள்விக்குறி. வட தீவுகள் தெற்கைவிட மழை குறைந்தவை. வறட்சி, உப்புக் காற்று, சுண்ணாம்பு மண்ணின் இரும்புப் பற்றாக்குறை எல்லாமே அதே நுனிக் கருகலையும் மஞ்சளையும் தரும். வெடிப்புக்கு முந்தைய பதிவோ, துகள் படாத ஒத்த மழைத் தீவோ பக்கத்தில் இல்லாவிட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு தலையாகக் கிளைத்த தென்னைப் படத்தைக் காட்டி முடிவு சொல்வதும் இப்படித்தான். குருத்து அடிபட்டால் கதிர்வீச்சே இல்லாத ஊரிலும் அரிதாகத் தென்னை கிளைக்கும்.

துகள், அலை, சூடு எதுவும் இல்லாமல் கதிர் மட்டும் வெப்பமண்டலத் தீவுக் காட்டை என்ன செய்யும் என்று பார்த்த சோதனை ஒன்று உண்டு. போர்ட்டோ ரிக்கோவின் எல் வெர்டே மழைக்காட்டில் 1965-ல் சூழலியலாளர் ஓடம் குழுவினர் 10,000 கியூரி வலிமையுள்ள சீசியம் கதிர்மூலத்தை 93 நாள் திறந்து வைத்தார்கள். மூலத்தைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குள்தான் கடும் சேதம். இலை உதிர்வும் சாவும் மாதக்கணக்கில் தாமதித்து வெளிப்பட்டன. செயல்திட்டத்தில் பிராவோவையும் இதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மாணவர்களுக்கு வித்தியாசம் விளங்கும்.


பூம்பாறை பூண்டு எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு என் கருத்து: மலை மண் களிமண். பழனி மலையானாலும் நீலகிரியானாலும் சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். பவள மணலோடு ஒப்பிடவே கூடாது.


குன்னூர் மண்ணியல் எழுதியது:

பூம்பாறை அண்ணா, களிமண் என்ற பெயர் போதாது, எந்தக் களிமண் என்று பார்க்க வேண்டும். சீசியத்தைப் பூட்டுவது மைக்கா வழி வந்த இல்லைட், வெர்மிகுலைட் போன்றவற்றின் விளிம்பு இடுக்குகள். நம் மலையில் சார்னோக்கைட் பாறை பலத்த மழையில் கரைந்து மிஞ்சியது பெரும்பாலும் கயோலினைட், கிப்சைட், இரும்பு ஆக்சைடு. இவை சீசியத்தை மேலோட்டமாகத்தான் பிடிக்கும். இல்லைட் நூற்றுக்கு ஒன்றிரண்டு இருந்தாலே நிலைமை மாறிவிடும் என்பதும் உண்மை. அதனால் இடத்துக்கு இடம் விடை வேறாகும். கூடவே பி.எச். 4.5 முதல் 5.5, மழையில் கழுவப்பட்ட பொட்டாசியம், தடித்த மட்கு. மட்கில் அழுகல் நடக்கும் ஈர இடத்தில் அம்மோனியம் உண்டாகும். அது பொட்டாசியம், சீசியம் அளவிலேயே இருப்பதால் இடுக்கிலிருக்கும் சீசியத்தைத் தள்ளி வெளியே விடும்.

இதற்குப் பொருத்தமான உதாரணம் பவளத் தீவைவிட பிரிட்டனின் மேட்டு நிலம். 1986 செர்னோபிலுக்குப் பின் வேல்ஸ், கம்பிரியா மலைகளில் அமிலத்தன்மையுள்ள கரிமண்ணில் (மட்கு நிறைந்த சதுப்பு மண்) மேய்ந்த ஆடுகளுக்குப் போட்ட கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. அதே நாட்டின் சமவெளி வயலில் சீக்கிரமே பிரச்சினை தீர்ந்துவிட்டது. நம் ஊரில் அந்த ஆட்டு மேய்ச்சலுக்கு இணை எருமை மேயும் உயர்ந்த புல்வெளியும், சாண்டிநல்லா மாதிரிக் கரிமண் சதுப்பும். பொட்டாஷ் தவறாமல் போடும் தேயிலைத் தோட்டமும் பூண்டு வயலும் பாதுகாப்பான பக்கம். ஃபுகுஷிமாவில் 2011-க்குப் பின் நெல் வயலுக்கு வைத்த இலக்கு, 100 கிராம் மண்ணில் பரிமாற்றப் பொட்டாஷ் 25 மில்லிகிராம். அந்த அளவு இருந்த வயலில் அரிசி தேறியது. காட்டுக் காளானும் மலைத் தளிர்களும்தான் தேறவில்லை.


காமா நிறமாலை எழுதியது:

அளவிடுவது பற்றிச் சில வார்த்தை, ஏனென்றால் யாராவது மாணவர் கைகர் என்ற கதிர் எண்ணும் கருவியை வாங்கிச் சோலை மண்ணில் வைத்துச் "சீசியம் கண்டுபிடித்தேன்" என்று எழுதிவிடுவார்.

ஊட்டி சுமார் 2240 மீட்டர். அண்டக் கதிரின் பங்கு அங்கே கடல்மட்டத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினாலே எண்ணிக்கை கூடும், மண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கூடலூர் வட்டத்து மண்ணில் தோரியம் உலகச் சராசரியைவிட அதிகம் என்றும் அளந்திருக்கிறார்கள். 1960-களின் உலகளாவிய வெடிப்புத் துகளில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச சீசியத்தை இந்தப் பின்னணியில் கைகர் காட்டாது.

முறையாகச் செய்வதென்றால்: பல பத்தாண்டு உழப்படாத, அரிப்போ படிவோ இல்லாத சமதளம் தேவை. 5 செ.மீ. அடுக்காக 30 செ.மீ. ஆழம் வரை எடுங்கள். 105 டிகிரியில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலித்து, எடை போட்டு, கொள்கலனை மூடி முத்திரையிட்டு நான்கு வாரம் வையுங்கள். சீசியத்துக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம், ரேடியம் வரிசை சமநிலைக்கு வந்தால்தான் பின்னணியைச் சரியாகக் கழிக்க முடியும். சீசியத்தின் காமா கோடு 661.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சோடியம் அயோடைடு கருவியில் பிஸ்மத்-214-ன் 609-உம் தாலியம்-208-ன் 583-உம் அதோடு ஒட்டிக் கலந்துவிடும். தோரியம் அதிகமான நம் மண்ணில் இந்தத் தவறு பெரிதாகும். உயர்தூய ஜெர்மானியம் கருவியில் 60,000 முதல் 80,000 வினாடி எண்ணினால்தான் நம்பலாம். கல்லூரி, பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் கேட்டுப் பாருங்கள். காப்புக்காட்டில் ஒரு பிடி மண் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

இளநீரையோ கீரைச் சாம்பலையோ மொத்த பீட்டாவாக எண்ணினால் வருவது பொட்டாசியம்-40. ஒரு கிராம் இயற்கைப் பொட்டாசியம் வினாடிக்கு 31 சிதைவு தரும். லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் உள்ள நம் பொள்ளாச்சி இளநீரே 60 பெக்கரலை (வினாடிக்கு 60 சிதைவு) தாண்டும். அது என்றைக்கும் இருப்பது, பயப்பட ஒன்றுமில்லை.


கட்டபெட்டு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் கதிரியக்கமில்லாத சாதாரண சீசியம் குளோரைடை வைத்துத் தொட்டியில் செய்யலாமா? பவளத்துக்கு எதை வைப்பது? ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மூட்டை கொண்டுவர முடியும் என்று ஒருவர் சொல்கிறார்.


குன்னூர் மண்ணியல் எழுதியது:

பவளம் வேண்டாம் டீச்சர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, இறந்த பவளத்தை எடுத்தாலும் குற்றம். கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் குருணை போதும். வாங்கியதும் ஐந்தாறு முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிடுங்கள்.

ஊடகம் மூன்று: கிளிஞ்சல் குருணையோடு இருபதில் ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு (நன்றாகக் கழுவியது, இல்லையென்றால் அதிலிருந்தே பொட்டாசியம் வரும்), தேயிலைத் தோட்ட மண், தோட்ட மண்ணோடு பத்தில் ஒரு பங்கு வெர்மிகுலைட். பைக்கு 4 கிலோ. பொட்டாசியம் மூன்று நிலை: கிலோ மண்ணுக்கு 0, 100, 300 மி.கி. ஒவ்வொன்றிலும் நான்கு பை, ஆக 36 பை.

சீசியம் கிலோவுக்கு 5 மி.கி. போதும். 1.267 கிராம் சீசியம் குளோரைடை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் மில்லி லிட்டருக்கு 1 மி.கி. சீசியம். பைக்கு 20 மி.லி., தண்ணீரில் விரித்து, மண்ணைத் தட்டில் பரப்பித் தெளித்துக் கலக்குங்கள். பையின் மேலே ஊற்றினால் ஒரே இடத்தில் தங்கிவிடும், நான்கு பையும் நான்கு கதை சொல்லும். பொட்டாசியம் குளோரைடு பைக்கு 0.76 கிராம், 2.29 கிராம். கலந்தபின் மூன்று வாரம் ஈரமாக வைத்திருந்து பிறகு விதையுங்கள். புதிதாகப் போட்ட சீசியம் எந்த மண்ணிலும் எளிதாக வேருக்குப் போகும், களிமண் அதைப் பிடிக்க நேரம் கொடுக்க வேண்டும்.

பயிர் பீட்ரூட். அந்தக் குடும்பம் சீசியத்தை நன்றாக எடுக்கும், உங்கள் குளிரிலும் வளரும். தழைச்சத்துக்குக் கால்சியம் நைட்ரேட் மட்டும். யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் கூடாது, அம்மோனியம் உள்ளே வந்தால் எது எதைத் தள்ளியது என்று பிரிக்க முடியாது. எட்டாவது வாரம் இலையை அறுத்து, கழுவி, 70 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி, அரைத்து அனுப்புங்கள். தனிமங்களை மிகச் சிறு அளவிலும் அளக்கும் ஐ.சி.பி. நிறைமாலைக் கருவி உள்ள ஆய்வகம் என்றால் நல்லது. சுடர் ஒளிமானியில்தான் பார்ப்பார்கள் என்றால், பொட்டாசியம் அதிகமான மாதிரியில் சீசியம் அதிகமாகவே காட்டும். மாதிரிக்கும் நியமக் கரைசலுக்கும் ஒரே அளவு, லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

முடிவைக் கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் போடாதீர்கள். பொட்டாஷ் போட்ட செடி பெரிதாக வளரும், அதனாலேயே சீசியம் நீர்த்துப்போனது போலத் தெரியும். செடி ஒன்றுக்கு மொத்தம் எத்தனை மைக்ரோகிராம் என்றும் கணக்கிட்டால்தான் வேர்வாசலில் தடை நடந்ததா என்று தெரியும்.


சோலைமரம் எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். கிளிஞ்சல் பையில் மூன்றாம் வாரம் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புப் பற்றாக்குறை. 0.5 சதவீத ஃபெரஸ் சல்பேட்டோடு 0.1 சதவீதம் சிட்ரிக் அமிலம் சேர்த்து வாரம் ஒருமுறை எல்லாப் பைக்கும் தெளியுங்கள். இந்த 36 போகக் கூடுதலாக இரண்டு கிளிஞ்சல் பைகளை மட்டும் தெளிக்காமல், சீசியமும் போடாமல் தனியே வைத்துப் படம் எடுங்கள். ஃபாஸ்பெர்க் போட்ட கேள்விக்குறி ஏன் என்று மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட அந்த இரண்டு பை உதவும்.


பூம்பாறை பூண்டு எழுதியது:

குன்னூர் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். டீச்சர், பொட்டாஷ் போடாத பைகளுக்கு அடுப்புச் சாம்பலோ தொழு உரமோ யாரும் ஆசையாகப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரச்சாம்பல் ஒரு கைப்பிடி விழுந்தாலே அந்தப் பை பொட்டாஷ் போட்ட பையாகிவிடும். பைகளைச் சமையல் கூடத்துப் பக்கம் வைக்க வேண்டாம்.